லோடு தள்ளிப் போச்சு

நாமக்கல்லில் ஒரு லாரி ஷெட்டின் வாசலில், பைகளெல்லாம் கட்டிய பைக்கோடு என் நண்பன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்றான். அவன் பைக்கை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய லாரி புதன்கிழமையே கிளம்பிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை என்று அவனிடம் சொன்னவன் நான். தெரிந்தேதான் சொன்னேன்.

ஷெட்டின் காவலாளி எனக்குப் போன் செய்தார். "சார், ஒருத்தர் பைக்கோட வந்து நிக்கறாருங்க. லோடு எப்பன்னு கேக்கறாரு." நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "லாரி போயிருச்சுன்னு சொல்லிரு" என்றேன். பிறகு இன்னொரு இட்லி போட்டுக்கொண்டேன். அந்த இட்லியைப் பற்றி நினைக்காமல் அதற்குப் பிறகு பல நாட்கள் போனதில்லை.

எங்கள் ஐந்து பேரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நண்பன் என்னோடு திருச்செங்கோட்டில் பள்ளியில் படித்தவன். பிறகு ரிக் வண்டி வாங்கி, ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் வடக்கே பல மாநிலங்கள் சுற்றியவன். மூன்றாமவர் லாரிக்காரர், நான் சொன்ன ஷெட் அவருடையது. நான்காமவருக்குக் கோழிப்பண்ணை. ஐந்தாமவர் இளம்பிள்ளைக்காரர், சேலை வியாபாரம், எங்களில் வயதில் சிறியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தோம். ராஜஸ்தானின் பாலைவனத்தில், தார்ச்சாலையை விட்டு மணல் தடத்திலேயே பல நாள் பைக் ஓட்டிப் போகலாம் என்ற யோசனை நண்பனுடையது.

அவனுக்கு அதில் ஒரு காரணம் இருந்தது. ரிக் ஓட்டிய காலத்தில் ஒருமுறை ஜெய்சால்மரைத் தாண்டிப் போனபோது வண்டி மணலில் புதைந்துவிட்டது. தாணி என்று அங்கே சொல்கிற சிறு குடியிருப்பு ஒன்று பக்கத்தில் இருந்தது. அந்த ஆட்கள் டிராக்டரும் ஒட்டகமும் கொண்டுவந்து வண்டியை வெளியே இழுத்துவிட்டார்கள். பதிலுக்கு இவன் அவர்களுக்கு ஒரு போர் போட்டுக் கொடுத்தான். சேறாகத் தண்ணீர் வந்தது. அது தெளியுமா, தெளிந்தால் உப்பா நல்ல தண்ணீரா என்று பார்க்க இருக்க முடியவில்லை. அடுத்த இடத்தில் வேலை காத்திருந்தது. தரைக்கு மேல் நிற்கும் கேசிங் பைப்பில் வெல்டிங் ராடால் ஒரு வேல் போடுவது அவன் வழக்கம். அதைப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

"மாப்ள, நானும் எத்தனையோ போர் போட்டேன்டா. காசு வாங்குன போருல தண்ணி வந்துச்சா வல்லயான்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. இது ஒண்ணுதான் மனசுல நிக்குது. உப்பா, நல்ல தண்ணியா? அத மட்டும் பாத்துட்டு வந்தரணும்" என்பான். அந்தக் குடியிருப்புக்கு கார் போகாது. மணலில் ஓடக்கூடிய பைக்தான் போகும்.

வழியையும் அவனேதான் போட்டுக் கொடுத்தான். எந்த இடத்தில் பெட்ரோல் தீரும், எந்தத் தடத்தில் முள் அதிகம், எந்தப் பக்கம் போனால் எல்லைக்காவல் படையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. நான் அதைக் கணினியில் வரைபடமாக்கினேன். நாளுக்கு இத்தனை தூரம் என்று பிரித்தேன். யார் டியூப் எடுத்து வர வேண்டும், யார் மருந்துப் பெட்டி என்று வகுத்தேன். மெல்ல மெல்ல, அது என் திட்டம் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

மணலில் ஓட்டிப் பழக பரமத்தி வேலூருக்குப் போனோம். கோடையில் காவிரி ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும், மீதியெல்லாம் மணல்தான். டயரில் காற்றைக் குறைத்து, கால்வைக்கும் கட்டைகளின் மேல் எழுந்து நின்று, கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைக் குறைக்காமல் போக வேண்டும். பயந்து வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதையும். நண்பனுக்கு இடது மூட்டு அப்போதே சரியில்லை. நின்று ஓட்ட முடியவில்லை. உட்கார்ந்து ஓட்டினான், விழுந்தான். மறுபடியும் எழுந்து ஓட்டினான், விழுந்தான்.

கரையில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "ஏனுங்க, ஆத்துல மீன் புடிக்கறீங்களா, மண்ணு புடிக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நண்பன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். வாயிலிருந்து மணலைத் துப்பிவிட்டு, "ரெண்டுமில்லீங்க, உழுதுட்டு இருக்கேன். வெதைக்கறதுக்கு நீங்க வாங்க" என்றான்.

நான் சிரிக்கவில்லை. என் அட்டவணை கெட்டுக்கொண்டிருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போனால் நாளுக்குப் பாதித் தூரம்கூடப் போக முடியாது என்று கணக்குப் போட்டேன். அவன் மூட்டின் மேல் உள்ள அக்கறையில்தான் அவனை விடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. பாலைவனத்தில் போய் இறங்கினால் எல்லாரும் அவன் பேச்சைத்தான் கேட்பார்கள், என்னுடையதை அல்ல. எது பெரிய காரணம் என்று இன்றைக்குக் கேட்டால், இரண்டாவதுதான்.

முகத்துக்கு நேரே "நீ வராதே" என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. "பாக்கலாமுங்க" என்போம், "அப்பறமேட்டுக்குப் பேசிக்கலாமுங்க" என்போம். எனக்கு அதைவிடச் சுலபமான வழி கிடைத்தது. பைக்குகளை லாரிக்காரரின் வண்டியில், ஜவ்வரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஏற்றி ஜோத்பூருக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் சேலத்தில் ரயிலேறிப் பின்னாலேயே போவது என்று ஏற்பாடு. ஜவ்வரிசி லோடு என்றைக்கு ஏறும் என்பது ஆலை சொன்னால்தான் உண்டு. திங்கள் என்பார்கள், வியாழன் ஆகும். "லோடு தள்ளிப் போச்சு" என்பது நாமக்கல்லில் ஒரு நாளைக்கு எத்தனை வாயிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏன் என்றுகூடக் கேட்பதில்லை.

புதன்கிழமை லோடு என்று உறுதியானதும் நண்பனுக்குப் போன் செய்தேன். "லோடு தள்ளிப் போச்சுடா. வெள்ளிக்கிழமை."

"செரி மாப்ள. நல்லதாப் போச்சு, பலகாரம் சுட இன்னும் ரெண்டு நாளு ஊட்டுல நேரம் கெடைக்கும்" என்றான்.

மற்ற மூவரிடமும் வேறு கதை சொன்னேன். அவன் மனைவி விடமாட்டேன் என்றுவிட்டார், அவனே விலகிக்கொண்டான், வெட்கப்படுகிறான், அவனிடம் யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன். வாட்ஸ்அப்பில் அவன் இல்லாமல் புதிதாக ஒரு குழு தொடங்கினேன். அவனுடைய ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததும் நானே. வெள்ளிக்கிழமை அவன் ஷெட்டுக்கு வந்ததைக் கேட்டு லாரிக்காரர் வருத்தப்பட்டபோது, "மனசு மாறி வந்திருப்பான், பாவம்" என்றேன்.

நண்பன் யாருக்கும் போன் செய்யவில்லை. ரயிலேறும் வரை அவன் அழைப்பான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் அழைத்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். ஒருவேளைதான்.

பயணம் நன்றாகவே நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் போட்டுக் கொடுத்த வழியில், அவன் சொன்ன இடத்திலேயே பெட்ரோல் தீர்ந்தது, அவன் சொன்ன தடத்திலேயே முள் குத்தியது. அவன் சொன்ன குடியிருப்பும் வந்தது. சுற்றிலும் வன்னி மரங்கள், நடுவில் சிமென்ட் தொட்டி, பக்கத்தில் கேசிங் பைப். பெண்கள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஆட்டுக்குட்டிகளைப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். நான் பைப்பின் அருகே போய்க் குனிந்து பார்த்தேன். துருவுக்கு நடுவே ஒரு வேல், கோணல்மாணலாக.

ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். எனக்குத் தாகம். வாங்கிக் குடித்தேன். அது நல்ல தண்ணீர்.

ஊர் திரும்பிய பிறகு நண்பன் எங்கள் நான்கு பேரோடும் பேச்சை விட்டுவிட்டான். நால்வரும் சேர்ந்து செய்த வேலை என்று அவன் நினைத்தான். அவனுக்கு வெட்கம் என்று மற்ற மூவரும் நினைத்தார்கள். சங்ககிரி ரோட்டில் நாங்கள் வழக்கமாகக் குடிக்கும் டீக்கடையில் அவன் எப்போதாவது வந்தால், "என்னங்க, ஊட்டுல பர்மிசன் வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கோழிப்பண்ணைக்காரர் கேட்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவன் அந்தக் கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்படியே நாலு வருடம் போனது. ஒரு நாள் இளம்பிள்ளைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அண்ணனுக்கு மூட்டு மாத்தோணும்னு டாக்டர் சொல்லிட்டாராமுங்க. தை மாசத்துக்குள்ள ஆபரேசன். அதுக்கப்பறம் பைக்க எங்கீங்க தொடறது?"

அப்போது புரட்டாசி. பாலைவனத்தில் ஓட்டக் கூடிய குளிர்காலம் அவனுக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று எனக்குப் புரிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். யோசித்தால் மறுபடியும் எனக்குத் தகுந்தாற்போல ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரியும். நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே தென்னந்தோப்பில் அவன் வீடு. போர்டிகோவில் காலை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தான்.

"வாங்க சார். என்ன சோலியா வந்தீங்க?"

என்னை அவன் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நின்றுகொண்டே சொன்னேன். "லாரி புதன்கிழமைன்னு எனக்குத் தெரியும். உன்னை விட்டுட்டுப் போகணும்னுதான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன். அவங்க மூணு பேருக்கும் அது தெரியாது. நீயே வரலைன்னு அவங்ககிட்டச் சொன்னேன். உங்க ஊட்டுக்காரம்மா விடலைன்னு சொன்னேன்."

அவன் மனைவி கதவருகே நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"நானுங்களா?" என்றார். "நானுங்களா விடல? அஞ்சு பேத்துக்கும் சேத்தி முறுக்குச் சுட்டு டின்னுல அடச்சு அனுப்புனனுங்க. அத்தனையும் திரும்பி வந்து, ஒரு மாசம் நாங்களே தின்னமுங்க. கடைவீதியில எவளோ ஒருத்தி என்னைப் பாத்து, புருசன முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறயான்னு கேட்டா. எதுக்குக் கேக்கறாள்னே எனக்குத் தெரியல. இப்பத்தானுங்க தெரியுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். 

நண்பன் தோப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு ஒன்றைப் பற்றி மட்டும் கேட்டான். "அந்த ஊருக்குப் போனீங்களா?"

"போனோம்."

"தண்ணி வருதா?"

"வருது. நல்ல தண்ணி."

"குடிச்சீங்களா?"

பொய் சொல்ல அந்த இடத்தில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. "குடிச்சேன்" என்றேன்.

அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் மனைவி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து ஸ்டூலின் மேல் வைத்தார். "குடிச்சுட்டுப் போங்க. வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க" என்றார். சூடு ஆறும்வரைகூடக் காத்திருக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ஷெட்டில் மற்ற மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து அதையே சொன்னேன்.  பக்கத்தில் ஒரு லாரிக்கு வீல் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நாலு வருசமா அவர டீக்கடையில ஓட்டுனமே?" என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"அதுக்கும் நான்தான் காரணம்."

"வாத்தியாரல்ல? பொய்யக்கூட சிலபஸ் போட்டுத்தான் சொல்லியிருக்கீங்க."

இளம்பிள்ளைக்காரர் கேட்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லியிருந்தா மெதுவாப் போயிருப்பமேங்க. அங்க போயி நமக்கு என்ன அவசரம், மொய் வெக்கவா போனோம்?"

லாரிக்காரர்தான் கடைசியாகப் பேசினார். அவர் குரல் உயரவே இல்லை. "லோடு தள்ளிப் போச்சுன்னு நாங்க தெனம் சொல்றமுங்க. கேக்கறவன் நம்பறான். அந்த நம்பிக்கையிலதான் இங்க அத்தன வண்டியும் ஓடுது. அந்த வார்த்தைய எடுத்து, என்ற லாரிய வெச்சே, என்ற ஷெட்டு வாசல்லயே ஒருத்தர நிக்க வெச்சிட்டீங்களே சார்."

அன்றைக்கே மூவரும் நண்பன் வீட்டுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் போகலாம், அவனுக்காகவே போகலாம் என்று கேட்டார்கள். அவன் சொன்ன பதிலை இளம்பிள்ளைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"வாரேன்னுட்டாருங்க. ஆனா நீங்க வந்தா வரலைங்கறாரு."

"சரி" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் எடை எனக்குத் தெரிந்தது. எனக்கும் வயதாகிறது. எனக்கும் அது கடைசி வாய்ப்புத்தான். "நான் வரல. ஆனா திட்டம் நான் போட்டுத் தர்றேன். அவன் எப்படியும் போய்ச் சேரணும்."

"வராதவருக்கு என்னத்துக்குங்க திட்டம்?" என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"வர்றவங்களுக்காகப் போடறேன்" என்றேன்.

அதற்குப் பிறகான நாட்களில் நான் உழைத்ததைப் போலக் கல்லூரியில்கூட உழைத்ததில்லை. பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவனுடைய இடது மூட்டிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். அந்தக் கால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மணலைத் தாங்கும்? அதுதான் ஒரு நாளின் தூரம். மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கெட்டித் தரையில் போகும் தடங்களை செயற்கைக்கோள் படங்களில் தேடினேன். ஒவ்வொரு மாலையும் லாரியோ ஜீப்போ வந்து சேரக் கூடிய ஒரு சாலை பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ரிக் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: ரிக் வண்டி முன்னால் போகும், சப்போர்ட் வண்டி பின்னால் வரும், கண்ணாடியில் பின் வண்டி மறைந்தால் முன் வண்டி நின்றுவிடும். இதை நண்பனே முன்பு சொல்லியிருக்கிறான். அதையே இந்தப் பயணத்துக்கும் விதியாக்கினேன். நண்பன் முதலில் போவான். வேகத்தை அவன் வைப்பான். அவனை யாரும் முந்தக் கூடாது.

அடுத்தது பைக். அவனுடைய பழைய பைக் கனம் அதிகம். லேசான ஒன்றை இளம்பிள்ளைக்காரர் தேடிப் பிடித்தார். கியர் போட இடது காலால் லீவரை மேலே தூக்க வேண்டும்; அந்த மூட்டுக்கு அது ஆகாது. குதிகாலால் மிதித்தே மாற்றும்படி பின்பக்கமும் ஒரு மிதி நீட்டிய லீவர் செய்தேன். பட்டறையில் நானே நின்று வளைத்து, மாட்டிப் பார்த்து, சரியில்லை என்று கழற்றி, மறுபடியும் வளைத்தேன். இரண்டு கால்களும் தரையில் படும்படி சீட்டின் ஸ்பாஞ்சைச் சீவி, சஸ்பென்ஷனை இறக்கினேன். பட்டறைக்காரர் பொறுமை இழந்து, "சார், ஆஸ்பத்திரிக்குச் செலவு பண்றத இந்த லீவருக்குப் பண்றீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் பரமத்தி வேலூர் மணலுக்குப் போனார்கள். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் குறைவு, ஐப்பசியிலும் ஆற்றில் மணல் தெரிந்தது. நானும் காரில் போவேன். டயரில் காற்றைக் குறைப்பேன், அவன் விழுந்தால் மற்றவர்களோடு சேர்ந்து பைக்கைத் தூக்குவேன், கிளம்பும்போது பம்ப் வைத்துக் காற்றடிப்பேன். அவன் என்னோடு பேசமாட்டான். லீவர் இன்னும் கொஞ்சம் உள்ளே வர வேண்டும் என்பதைக்கூட லாரிக்காரரிடம்தான் சொன்னான், நான் பக்கத்திலேயே நின்றிருக்கும்போது. வளைத்துக் கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிறு அவன் ஆற்றின் நடுத்திட்டுவரை விழாமல் போய், திரும்பி வந்தான். கொடிக்காலில் யாரோ விசிலடித்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அழுதானா சிரித்தானா என்று எனக்குத் தெரியாது.

மார்கழி பிறந்ததும், வியாழக்கிழமை லோடு என்று ஆலையிலிருந்து சொன்னார்கள். நண்பனும் இருக்கும் பழைய வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். புதன்கிழமை மதியம் லாரிக்காரர் என்னைக் கூப்பிட்டார். "மழையில மாவு காயலையாமுங்க. லோடு தள்ளிப் போச்சு. சனிக்கிழமைதான்."

அதை எப்படி நண்பனிடம் சொல்வது? போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தோப்பில் நின்று பைகளைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோடு தள்ளிப் போச்சு. சனிக்கிழமைங்கறாங்க. லாரிக்காரருக்குப் போட்டுத் தர்றேன், நீயே பேசு" என்று போனை நீட்டினேன்.

"வேண்டாமுங்க" என்றான். "ஆலைக்காரர்கிட்டக் காலையிலயே நானே கேட்டுட்டேனுங்க."

அதில் கோபமில்லை. பையின் பட்டை சரியாக இழுத்திருக்கிறதா என்று பார்ப்பது போல, அவன் ஒன்றைச் சரிபார்த்திருக்கிறான், அவ்வளவுதான். என் வார்த்தையை இனி எப்போதும் சரிபார்ப்பான்.

சனிக்கிழமை காலை ஷெட்டில் நான்கு பைக்குகளும் ஏறின. பலகை போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றி, ஜவ்வரிசி மூட்டைகளில் சாய்த்துக் கயிறு கட்டினோம். நண்பனின் பைக்குக்கு நான் கட்டினேன். அவன் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவிழ்க்கவில்லை. லாரிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். அவன் மனைவி ஒரு டின்னோடு வந்திருந்தார்.

"நாலு பேத்துக்குத்தானுங்க சுட்டேன்" என்றார் என்னிடம், நேருக்கு நேர்.

"தெரியுமுங்க" என்றேன்.

லாரி கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கிய இடத்தைக் காவலாளி கூட்டிவிட்டார். மூன்று நாள் கழித்து அவர்கள் நால்வரும் சேலத்தில் ரயிலேறியதை நான் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு வழக்கமான டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க சார், நீங்க போகலீங்களா? எல்லாம் ஒட்டுக்காக் கெளம்பறதாச் சொன்னாங்க?" என்று கடைக்காரர் கேட்டார். கடையில் கூட்டம் இருந்தது.

"என்னைச் சேத்துக்கல" என்றேன்.

"ஏனுங்க?"

சொன்னேன். முன்பு சிரித்தவர்களில் சிலர் அங்கேயே இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். கடைக்காரர் மட்டும், "இன்னிக்குச் சக்கர போட்டா, போடாமயா?" என்று கேட்டார்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தினமும் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வரைந்த கோட்டின் மேல் ஒரு நீலப் புள்ளி மெதுவாக ஊர்ந்தது. நான் நினைத்ததைவிடவும் மெதுவாக. ஒரு நாள் முழுக்க அது நகரவே இல்லை. மூட்டு வீங்கிவிட்டதாம், ஓய்வு எடுத்தார்களாம். மறுநாள் மறுபடியும் ஊர்ந்தது. பக்கத்துச் சாலைக்கு லாரிக்காரர் அமர்த்தியிருந்த ஜீப் வந்து நின்றும், அவன் அதில் ஏற மறுத்துவிட்டான் என்று இளம்பிள்ளைக்காரர் எழுதினார். அந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன்.

அதற்கடுத்த நாள், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு போன் அடித்தது. நண்பனின் எண். நாலு வருடமாக என் போனில் அந்தப் பெயர் வந்ததில்லை. எடுத்தேன். காற்றின் சத்தம்தான் முதலில் கேட்டது, பிறகு ஆட்டுக் கழுத்து மணிகள்.

"வந்துட்டேன்" என்றான்.

"விழுந்தியா?"

"விழுந்தேன். வந்துட்டேன்."

மணிச் சத்தம் தள்ளிப் போனது. அவனே தொடர்ந்தான்.

"போர் நின்னு போச்சு. போன கோடைக்கு முந்துன கோடையிலயே தண்ணி கீழ போயிருச்சாம். இப்ப கவர்மெண்டுக் குழாயில தண்ணி வருது, அதனால அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. தொட்டி காஞ்சு கெடக்குது. ஆடு படுத்திருக்குது."

 முதல் பயணத்தில் அவனைக் கூட்டிப் போயிருந்தால் அந்தத் தொட்டி நிறைந்திருந்ததை அவன் பார்த்திருப்பான். அந்தச் சொம்பு அவன் கைக்குப் போயிருக்கும். இதற்கு எந்த லீவரும் செய்ய முடியாது.

"வேல் இருக்குது" என்றான். "துரு ஏறிப் போச்சு. தடவிப் பாத்தேன்."

"ம்."

"நீ குடிச்சயல்ல."

"குடிச்சேன்."

"சொல்லு. எப்பிடி இருந்துச்சு?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் என்னை மன்னித்தான் என்று இங்கே எழுத மாட்டேன்; அப்படி ஒரு வார்த்தை அன்றும் வரவில்லை, இன்றுவரையிலும் வரவில்லை. ஊர் திரும்பி மூட்டு மாற்றிக்கொண்ட பிறகும் அவன் என்னோடு அளந்துதான் பேசுகிறான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் எங்கள் ஊர்த் தண்ணீரோடு ஒப்பிட்டு அவனுக்குச் சொல்லக் கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"வெதுவெதுன்னு இருந்துச்சு. முதல் வாய்ல இரும்பு வாசம் கொஞ்சம். அப்பறம் இல்ல. உப்பு இல்லவே இல்ல. நம்ம தோப்புக் கெணத்துத் தண்ணியவிடக் கொஞ்சம் கனம்."

"கலங்கல்?"

"இல்ல. சொம்போட அடி தெரிஞ்சுச்சு."

"எத்தன பேரு புடிச்சுட்டு இருந்தாங்க?"

"ஏழெட்டுப் பொம்பளைங்க. ஒருத்தி கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு ஒத்தக் கையில கொடத்தத் தூக்குனா. தொட்டியிலருந்து வழிஞ்சது ஓடி, அந்த வன்னி மரத்தடியில தேங்கி நின்னுச்சு. ஒரு நாய் அதுல படுத்திருந்துச்சு."

"எந்த மரம்? தொட்டிகிட்ட ரெண்டு இருக்குது."

"தொட்டிக்குக் கெழக்கால இருக்கறது."

அவன் நடந்து போகும் சத்தம் கேட்டது. கைத்தடி மணலில் பதிகிற சத்தம்.

"செரி, இங்க நிக்கறேன்" என்றான். "அப்பறம்? சொல்லு."